முதியோர் நலனை அளக்கும் வினாநிரல்கள்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு திறனாய்வு

1. கேட்கப்படும் பனுவல்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள். இவர்களுக்கென 1999இல் தேசிய முதியோர் கொள்கை வகுக்கப்பட்டது. 2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இயற்றப்பட்டது. 2010-11இல் முதியோர் நலவாழ்வுக்கான தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. முதியோருள் நலமாக இருப்போர் யார், துணை தேவைப்படுவோர் யார், துணை கிடைக்கப்பெற்றோர் யார் என்பதை முன்னதாக அறிந்தாலன்றி இத்தகைய ஏற்பாடுகள் எவையும் செயற்பட இயலா. அவ்வறிவு வினாநிரல்களின் வாயிலாகவே பெறப்படுகிறது. வினாநிரல்களுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு இந்திய மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டவை.

இலக்கிய மொழிபெயர்ப்பும் அறிவியல் மொழிபெயர்ப்பும் திறனாய்வாளரின் கவனத்தைப் பெற்ற அளவுக்கு இவ்வகை மொழிபெயர்ப்பு பெறவில்லை. ஒரு நாவலின் மொழிபெயர்ப்பு பிழைபட்டால் வாசகர் அதனை மூடிவைத்துவிடலாம். ஒரு மூதாட்டியிடம் கேட்கப்படும் வினா பிழைபட்டாலோ, அவர் மறதிநோயர் என்று குறிக்கப்படலாம். அல்லது துணை தேவைப்படாதவர் என்று விலக்கப்படலாம். பிழை எங்கு நேர்ந்தது என்பதை அவரும் அறியார். மதிப்பெண்ணைக் கூட்டியவரும் அறியார்.

மேற்குறித்த 2011 கணக்கெடுப்பிலேயே, அறுபது வயதைக் கடந்தோருள் எழுத்தறிவு பெற்றோர் 44 விழுக்காட்டினர். பெண்களுள் 28 விழுக்காட்டினரே. ஆகவே அச்சிட்ட வினாநிரலைப் பெரும்பாலான முதியோர் படிப்பதில்லை. களப்பணியாளர் ஒருவர் வாசிக்கக் கேட்கின்றனர். எழுத்துத் தமிழில் ஆக்கப்பட்ட பனுவல், பேச்சுத் தமிழில் வாழும் ஒருவரின் செவிக்குச் செல்கிறது. இரட்டை வழக்கு மொழியாகிய தமிழில் இவ்விடைவெளி சிறிதன்று.

2. பல்லப்கட் காட்டிய வழி

ஆங்கில மூலங்களுள் மிகுதியாகப் பயன்பட்டது, 1975இல் ஃபோல்ஸ்டீன் இணையரும் மெக்ஹ்யூவும் வெளியிட்ட சிறு உளநிலைத் தேர்வு. முப்பது மதிப்பெண்களைக் கொண்ட இத்தேர்வில், நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்கு ஐந்து மதிப்பெண்கள்; எழுதியதைப் படித்து அதன்படி செய்வதற்கு ஒன்று; ஒரு வாக்கியம் எழுதுவதற்கு ஒன்று; வடிவம் ஒன்றைப் பார்த்து வரைவதற்கு ஒன்று. எட்டு மதிப்பெண்கள் பள்ளிக்கூடத்தைச் சார்ந்தவை என்பது வெளிப்படை. பள்ளி வாயிலை மிதியாத ஒருவர் பிற வினாக்களுக்கெல்லாம் பிழையற விடையளித்தாலும் இருபத்திரண்டில் நின்றுவிடக்கூடும். நினைவாற்றலில் எக்குறையும் இல்லாத ஒருவருக்கு இது நேர்கிறது.

அரியானாவிலுள்ள பல்லப்கட் பகுதிச் சிற்றூர்களில் இந்திய-அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று மறதிநோயைக் கணக்கிட முற்பட்டபோது இச்சிக்கலை நேரே எதிர்கொண்டது. அங்கு ஆய்வுக்குட்பட்ட ஐம்பத்தைந்து வயதைக் கடந்தோர் 5,126 பேருள் ஏறத்தாழ நான்கில் மூவர் எழுத்தறியாதவர்கள். மேரி கங்குலியும் அவர்தம் குழுவினரும் உருவாக்கி 1995இல் வெளியிட்ட இந்தி வடிவம் மொழிபெயர்ப்புத் துறையினர் ஊன்றி நோக்கத்தக்கது. எழுதப்பட்ட கட்டளையைப் படித்துக் கண்ணை மூடவேண்டும் என்னும் வினாவுக்கு மாறாக, கேட்பவரின் முகத்தைப் பார்த்து அவர் செய்வதையே செய்யுமாறு கூறப்பட்டது. கேட்பவர் தம் கண்களை மூடிக்காட்டுவார். வாக்கியம் எழுதுவதற்கு மாறாகத் தம் வீட்டைப்பற்றி ஏதேனும் சொல்லுமாறு கேட்கப்பட்டது. ஆங்கில இணைப்புச் சொற்கள் மூன்றினைப் பன்மையாக்கி அடுக்கிய தொடரைத் திருப்பிச் சொல்லவேண்டிய இடத்தில், இதுவும் இல்லை அதுவும் இல்லை எனப் பொருள்படும் இந்தித் தொடர் வந்தது.

இவற்றுள் எதுவும் அகராதிப் பொருளில் மொழிபெயர்ப்பு அன்று. ஆயினும் வினா என்ன செய்யவேண்டுமோ அதனைச் செய்கிறது. சொல்லைக் காப்பாற்றிச் செயலை இழப்பதா, செயலைக் காப்பாற்றிச் சொல்லை இழப்பதா என்னும் தெரிவில், பல்லப்கட் குழுவினர் பின்னதைத் தேர்ந்தனர். அது சரியான தேர்வு என்பதில் ஐயமில்லை. எனினும் படிக்கச் சொல்வதும் பார்த்துச் செய்யச் சொல்வதும் மூளையின் ஒரே திறனைத்தான் அளக்கின்றன என்று கொள்வது மிகை. பார்த்துச் செய்தல் எளிது. அதனாற் பெறப்படும் மதிப்பெண்ணின் எடையும் வேறாகும். இவ்விழப்பை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டு, தம் மக்களிடமே களச்சோதனை செய்து அளவுகோலைப் புதிதாக அமைத்துக்கொண்டமையே அவர்களது முயற்சியின் சிறப்பு.

குறை அதனைப் பின்பற்றுவோரிடம் தோன்றக்கூடியது. இந்தி வடிவத்தை மூலமாகக் கொண்டு பிற இந்திய மொழிகளுக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தபோது நேர்ந்த தவறே மீண்டும் நேரும். மேற்காட்டிய தொடரையே சான்றாகக் கொள்ளலாம். ஆங்கிலத் தொடரின் கடுமை, மனத்திற் காட்சி எதனையும் எழுப்பாத சிறு சொற்களிலும் அவற்றின் இறுதியில் நெருங்கிவரும் உரசொலிகளிலும் உள்ளது. தமிழில் ‘இதுவுமில்லை, அதுவுமில்லை’ என்பது எண்ணும்மையால் இணைந்த இரட்டைத் தொடர், நாள்தோறும் வழங்குவது. முற்பாதியைக் கேட்டவர் பிற்பாதியைத் தாமே நிரப்பிக்கொள்வார். அங்குச் சோதிக்கப்படுவது கேட்டதைத் திருப்பிச் சொல்லும் திறன் அன்று, பழக்கம். தமிழுக்கு வேண்டுவது இணைநிலை இல்லாததும் பழமொழிச் சாயல் அற்றதுமான இடைச்சொற்றொடர். ‘அதற்குள்ளாகவா என்றுதான்’ என்பதுபோன்ற ஒன்று பொருந்தக்கூடும். களத்தில் சோதித்த பின்னரே துணியத்தக்கது.

எழுத்தறிந்த முதியோரிடத்தும் சிக்கல் தீர்வதில்லை. கழித்தலுக்கு மாற்றாக, ஐந்தெழுத்துள்ள ஆங்கிலச் சொல் ஒன்றைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்வது மூலத்தில் உண்டு. தமிழில் உயிர்மெய் ஓர் எழுத்து; ஐந்தெழுத்துச் சொல் என்றால் பெரும்பாலும் ஐந்தினும் மிகுதியான ஒலிகள். அன்றியும் சொல்லைப் பின்னோக்கிக் கூட்டும் பழக்கம் தமிழ்ப் பள்ளிகளில் இல்லை. (‘விகடகவி’ ஐந்தெழுத்தாயிருந்தும் இதற்கு உதவாது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.) குறித்த எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் கூறச் சொல்லும் தேர்விலும் இதே இடர். ‘ப’வில் தொடங்கும் சொல் கேட்டால் ‘பாம்பு’ என்பதை ஏற்பதா? ஒலியனை அலகாகக் கொண்டால் ஏற்கவேண்டும். அரிச்சுவடியை அலகாகக் கொண்டால் ‘பா’ வேறெழுத்து. அரிச்சுவடி வழி பயின்ற முதியவர் ‘பாம்பு’ நினைவுக்கு வந்தும் சொல்லாது விடுவார். அவரது நுண்மையே அவருக்குக் குறையாக எண்ணப்படும்.

இன்று என்ன தேதி என்னும் வினா எளிமையானதாகத் தோன்றும். ஆடிப்பெருக்கு அன்று கேட்டால், ‘ஆடி பதினெட்டு’ என்று உடனே விடைகூறும் மூதாட்டி ஆகஸ்டு மாதத் தேதியை அறியாதிருக்கலாம். விடைக்குறிப்பில் ஆங்கிலத் தேதி மட்டுமே இருப்பின், காலவுணர்வு மிகத் தெளிவாக உள்ள ஒருவர் காலமறியாதவர் ஆகிவிடுகிறார். பருவம்பற்றிய வினாவும் இத்தகையதே. பாடநூல் தரும் ‘இளவேனில்’, ‘முதுவேனில்’ என்பனவற்றைவிட, ‘வெயில் காலமா, மழைக் காலமா, பனிக் காலமா’ என்பதே கேட்போர் நாவில் உள்ள பகுப்பு.

3. ‘முடி’ என்னும் வினை

மறதியை அளப்பதினும் நுட்பமான இடர்ப்பாடு அன்றாடச் செயல்களை அளப்பதில் உள்ளது. 1963இல் காட்ஸ் வகுத்த பட்டியலில் குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், எழுந்து இடம்பெயர்தல், கழிவை அடக்கல், உண்ணல் என ஆறு செயல்கள் உள. மேற்பார்வையோ வழிகாட்டலோ கைத்துணையோ இன்றிச் செய்தலே அவர்தம் கணக்கில் தற்சார்பு. பிறர் துணை எந்த அளவில் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்கு இப்பட்டியலும் இதன் வழித்தோன்றல்களும் உலகெங்கும் பயன்படுகின்றன.

இப்பட்டியலைத் தமிழில் வினாவாக்குவோர் கை முதலில் நாடும் வினைச்சொல் ‘முடி’. ‘உங்களால் குளிக்க முடியுமா?’ என்பது ஆற்றலை வினவுவது. ‘குளிக்க முடிகிறதா?’ என்பது நிகழ்நிலையை வினவுவது. ‘நீங்களே குளித்துக்கொள்கிறீர்களா?’ என்பது உண்மையில் நடைபெறுவதை வினவுவது. ஆங்கில வினாக்கள் இவற்றுள் எதனைக் கருதுகின்றன என்பது பல வேளைகளில் தெளிவாக இல்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2001இல் வெளியிட்ட செயற்பாட்டு வகைப்பாடு, செய்யவல்ல திறனையும் தம் சூழலில் செய்துவருவதையும் வேறுபடுத்தியது. அவ்வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் துணைவினைகளாலேயே துல்லியமாகக் காட்டவல்லது. ‘கொள்’ என்னும் துணைவினையும் தேற்றேகாரமும் அதற்குரிய கருவிகள். இருந்தும் மூன்று வடிவங்களும் ஒரே வினாநிரலில் மாறிமாறி வரின், ஒவ்வொன்றும் வேறொன்றைக் கேட்பதாகிவிடும்.

இதனினும் கூர்ந்து நோக்கவேண்டியது வேற்றுமை உருபு. ‘என்னால் முடியவில்லை’ என்றால் செய்ய இயலவில்லை என்பது பொருள். ‘எனக்கு முடியவில்லை’ என்றால் உடல்நலம் இல்லை என்பது பொருள். ஆல் உருபு திறனைச் சுட்டுகிறது. கு உருபு நலத்தைச் சுட்டுகிறது. பேச்சு வழக்கில் ‘முடியாமல் படுத்திருக்கிறார்’ என்பது நோயுற்றிருப்பதைக் குறிக்குமே தவிர, ஏதோ ஒரு செயலைச் செய்யாமையைக் குறிக்காது. திறனையும் நலத்தையும் ஒரே வினையடியால் உணர்த்தி, உருபு ஒன்றினாலேயே பிரித்துக்காட்டும் இவ்வமைப்பு வினாநிரல் மொழிபெயர்ப்பாளர்க்கு வாய்ப்பும் ஆகும், கண்ணியும் ஆகும். ஏனெனில் விடை கூறுவோர் எழுவாயைச் சொல்வதில்லை. ‘குளிக்க முடிகிறதா?’ என்று கேட்டால் ‘முடியல’ என்பதே விடை. மூன்று நாட் காய்ச்சலால் குளிக்காதவரும் அவ்வாறே சொல்வார்; மூன்றாண்டாகக் கை விழுந்தவரும் அவ்வாறே சொல்வார். உருபு மறைந்த இடத்தில் களப்பணியாளர் தாமே பொருள்கொண்டு கட்டத்தில் குறியிடுகிறார்.

உடுத்தல்பற்றிய வினாவில் உடையே மாறுபடுகிறது. ஆங்கில மூலம் பொத்தானையும் பிற பூட்டுகளையும் எண்ணி எழுதப்பட்டது. புடவை உடுத்தலுக்கு நிற்கவேண்டும். கொசுவம் மடிக்க விரல்கள் இணங்கவேண்டும். கால்கள் அதுவரை தாங்கவேண்டும். மூட்டுவலியால் புடவையை விட்டு நைட்டிக்கு மாறிய ஒருவரிடம் ‘நீங்களே உடை மாற்றிக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்பார். அவ்விடை மெய். அவர் இழந்த திறன் அவ்விடையில் இடம்பெறவில்லை என்பதும் மெய்.

கழிவை அடக்குதல்பற்றிக் கேட்கையில், ‘சிறுநீரை அடக்க முடிகிறதா?’ என்னும் பெயர்ப்பு, வேண்டுமென்றே அடக்கிவைக்கும் வல்லமையைக் கேட்பதாக ஒலிக்கும். தமிழில் ‘விடு’ துணைவினை, தன்வினையோடு சேர்ந்து, எண்ணாமல் நேர்வதை உணர்த்தும். ‘தெரியாமலே போய்விடுகிறதா?’ என்பது குறைந்த கூச்சத்துடனும் மிகுந்த துல்லியத்துடனும் கருதியதைக் கேட்டுவிடுகிறது. இலக்கணம் தரும் இவ்வுதவியை விட்டுவிட்டு, ‘கட்டுப்பாடு’ முதலிய பெயர்ச்சொற்களை நாடுவது மொழிபெயர்ப்பாளரின் பழக்கத்தால் நேர்வது.

லாட்டனும் பிராடியும் 1969இல் வகுத்த பட்டியல் தொலைபேசி, கடைக்குச் செல்லல், சமையல், வீட்டுப் பராமரிப்பு, சலவை, பயணம், மருந்துண்ணல், பணக்கணக்கு என எட்டினைக் கொண்டது. அக்காலத்தில் ஆண்களுக்குச் சமையல் முதலிய மூன்றினை விட்டு ஐந்தினையே கணக்கிட்டனர். இல்லத்துள் யார் எதனைச் செய்வர் என்னும் எண்ணம் அளவுகோலுக்குள் எவ்வாறு புகுகிறது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டா. பணக்கணக்கை வாழ்நாள் முழுவதும் கணவரோ மகனோ பார்த்துவந்த ஒருவர், அதனைச் செய்வதில்லை என்று கூறினால், அது முதுமையின் இழப்பு ஆகாது. பல்லப்கட் குழுவினர் இதனையும் உணர்ந்து, எழுத்தறியாத ஊரகத்தார்க்கெனத் தனி அன்றாடத் திறன் அளவுகோல் ஒன்றை 1999இல் வெளியிட்டனர்.

4. பிறர், உதவி, ஆதரவு

‘பிறர் உதவியின்றி’ என்னும் தொடர் வினாநிரல் தமிழில் இயல்பாக வந்து அமர்ந்துவிடக்கூடியது. அதன் இரு சொற்களுமே வழுக்கிவிடுவன. மகனும் மருமகளும் ‘பிறர்’ அல்லர். அவர்கள் செய்வது ‘உதவி’யும் அன்று, உதவி என்பது கடமைப்படாதவர் செய்வது, நன்றி கூறத்தக்கது. எனவே ‘எனக்கு யார் உதவியும் வேண்டாம், மருமகள்தான் தண்ணீர் ஊற்றிவிடுவாள்’ என்பதுபோன்ற விடையில் முரண் ஏதும் இல்லை. ஆனால் முற்பாதியைக் கேட்டுக் குறியிட்டால் அவர் தற்சார்புடையவர். பிற்பாதியைக் கேட்டுக் குறியிட்டால் சார்ந்திருப்பவர். மருமகளின் உழைப்பு, முற்பாதிக் கணக்கில், எங்கும் இல்லாமற் போகிறது. ‘நீங்கள் குளிக்கும்போது யாராவது கூட இருக்கிறார்களா? அவர் என்ன செய்வார்?’ என்று இரண்டு வினாவாகப் பிரித்தால் இச்சிக்கல் பெரிதும் நீங்கும்.

‘ஆதரவு’ இதனினும் கடுமையானது. ஆங்கிலத்தில் சமூகத் துணையைக் குறிக்கும் பொதுச்சொல்லுக்கு அகராதிகள் தரும் முதற்பொருள் ‘ஆதரவு’. அரசுத் தமிழிலோ இச்சொல் தன் இன்மையாலேயே மிகுதியும் அறியப்படுகிறது: ஆதரவற்றோர் இல்லம், ஆதரவற்ற விதவை ஓய்வூதியம். ஆதலின் மகன் வீட்டில் வாழும் ஒரு தாயிடம் ‘உங்களுக்கு ஆதரவு இருக்கிறதா?’ என்று கேட்பது, அவரைக் கைவிட்டார்களா என்று கேட்பதாகும். ‘இல்லை’ என்றால் மகனைக் குற்றஞ்சாட்டியதாகும். அதுவும் மருமகள் அடுத்த அறையில் நிற்கும்போது. அவர் ‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்பார். அதே தாய் ஓய்வூதிய அலுவலகத்தில், உதவித்தொகை பெறுதற்பொருட்டு, ‘எனக்கு ஆதரவு இல்லை’ என்றும் சொல்லக்கூடும். இரண்டிடத்தும் அவர் பொய்யுரைக்கவில்லை. முன்னதில் அச்சொல் உறவைக் குறித்தது. பின்னதில் வருவாயைக் குறித்தது. வினாநிரலைத் தொகுப்பவர் இரண்டையும் ஒரே பத்தியில் கூட்டுகிறார்.

‘பராமரிப்பு’ என்பதும் இவ்வாறே இரு பொருளைச் சுமக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் இச்சொல்லாற் குறிக்கப்படும் கருத்து உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றுக்கான ஏற்பாடு. மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்படாத தொகையாகத் தீர்ப்பாயம் விதிக்கத்தக்கது. மருத்துவத் துறையில் இதே சொல் கைப்பிடித்து நடத்துவதையும் உடம்பு துடைத்துவிடுவதையும் குறிக்கிறது. வாகனத்துக்கும் கட்டடத்துக்கும் இதே சொல். இவற்றுள் முதியோர் எதனைக் கொண்டு விடையளிப்பர் என்பதை முன்கூட்டிச் சொல்லவியலாது. பேச்சு வழக்கில் ‘பார்த்துக்கொள்ளுதல்’ இருப்பதை மொழிபெயர்ப்பாளர்கள் கலைச்சொல் தகுதி அற்றதாகக் கருதுவது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் கேட்கப்படுவோர் கலைச்சொல் அறிஞர் அல்லர்.

எதிர்மறை வினாக்களைப்பற்றி ஒரு சொல். முதியோர் மனச்சோர்வை அளக்கும் நிரல்களில் சில வினாக்களுக்கு ‘ஆம்’ என்பதும் சிலவற்றுக்கு ‘இல்லை’ என்பதும் சோர்வின் குறியாக அமையும். ‘தனிமையாகத் தோன்றுவதில்லையா?’ என்பதற்குத் தமிழில் ‘ஆமாம்’ என்றால் ‘ஆமாம், தோன்றுவதில்லை’ என்றும் கொள்ளலாம், மறுதலையாகவும் கொள்ளலாம். வினையைத் திருப்பிச் சொல்லும் விடையையே ஏற்பது என விதித்தால் போதும்.

5. மீள்மொழிபெயர்ப்பு எதனைக் காட்டாது

இத்துறையில் மொழிபெயர்ப்பின் தரத்தை உறுதிசெய்யப் பெரிதும் கையாளப்படும் முறை மீள்மொழிபெயர்ப்பு. பிரிஸ்லின் 1970இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இது பரவலாயிற்று. ஒருவர் தமிழாக்குவார், மூலத்தைக் காணாத மற்றொருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்குவார், இரண்டு ஆங்கில வடிவங்களும் ஒத்திருப்பின் தமிழ் வடிவம் ஏற்கப்படும். பெரும்பிழைகளை இம்முறை கண்டுபிடிக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் மேலே காட்டிய பிழைகளுள் ஒன்றையேனும் இது காட்டிக்கொடுக்குமா என்பது வினா. ‘ஆதரவு’ மீண்டும் அதே ஆங்கிலச் சொல்லாகவே திரும்பும். ‘பிறர் உதவியின்றி’ பழுதின்றித் திரும்பும். ‘முடிகிறதா’வும் திரும்பும். இரு மொழிபெயர்ப்பாளரும் கற்றவர். ஒரே அகராதியைப் பயன்படுத்துபவர். மூலத்தின் சட்டகத்தை அறிந்தவர். எழுத்தறியா மூதாட்டியின் செவி இச்சுற்றில் எங்கும் இடம்பெறவில்லை. அன்றியும் சொல்லோடு ஒட்டிய பெயர்ப்பே நன்றாகத் திரும்பிவரும். ‘தெரியாமலே போய்விடுகிறதா?’ என்பது ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது மூலத்தினின்று விலகியே தோன்றும். பல்லப்கட் வடிவத்தை இச்சோதனைக்கு உட்படுத்தின், அதன் மிகச் சிறந்த வினாக்களே முதலில் தோற்றுப்போகும். நல்ல பெயர்ப்பைத் தண்டித்துத் தட்டையான பெயர்ப்பைத் தேர்ச்சிபெறச் செய்யும் சோதனையாக இது மாறிவிடுகிறது.

களத்தில் நிகழ்வது வேறு. அச்சிட்ட வினாவை வாசித்துவிட்டு, முதியவரின் முகத்தில் குழப்பத்தைக் கண்டதும், களப்பணியாளர் தம் ஊர்ப் பேச்சில் அதனை மாற்றிச் சொல்கிறார். ‘பாட்டி, நீங்களே குளிச்சிக்கிறீங்களா, யாராச்சும் கூட வர்றாங்களா?’ என்பது அவ்வாறு பிறக்கும் வினா. முறைப்படி இது விதிமீறல். அச்சிட்டவாறே வாசிக்கவேண்டும் என்பதே பயிற்சி. இருப்பினும் மருமகளின் கையைக் கணக்கில் கொண்டுவருவது இவ்வினாவே. இத்தகைய திருத்தங்கள் எந்த ஆய்வறிக்கையிலும் பதிவாவதில்லை. 2017-18இல் நிகழ்ந்து 2021இல் வெளியான இந்திய முதுமை நெடுநோக்கு ஆய்வின் முதற்சுற்றில் அறுபது கடந்தோர் மட்டும் 31,464 பேர் உட்படுத்தப்பட்டனர். அத்தகைய பேராய்வுகளில் வினாநிரலோடு, களப்பணியாளர் எவ்வினாவை எத்தனை முறை, எச்சொற்களில் மாற்றிக் கேட்க நேர்ந்தது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கப்படுமாயின், அப்பத்தியே அடுத்த மொழிபெயர்ப்புக்கு மூலப்படியாக அமையும். வட்டாரந்தோறும் அது வேறுபடும். நாஞ்சில் நாட்டில் கேட்டது கொங்கு நாட்டுக்குப் பொருந்தாது. அவ்வேறுபாடுகளைத் தொகுத்து ஒப்பிடும் பணி மொழியியலாருடையது. மருத்துவர் அதனை மேற்கொள்வார் என எதிர்பார்ப்பதற்கில்லை.